இசைக்குழு என்ற ஒரே சொல் போதுமா? சிற்றியம், பல்லியம்: ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

ஆர்க்கெஸ்ட்ரா, என்செம்பிள், பேண்டு, குவார்டெட் எல்லாவற்றுக்கும் 'இசைக்குழு' போதும், தேவைப்பட்டால் முன்னால் 'பெரிய', 'சிறிய' என்று ஓர் அடைமொழி போட்டுக்கொள்ளலாம் என்று, மேலை இசைக் கலைச்சொற்களைத் தமிழாக்கும் இந்த இழையில் பெரும்பாலோர் சொல்லிவிட்டீர்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை. இசைக்குழு பொதுச்சொல்லாக இருக்கட்டும், என்செம்பிளுக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஆனால் அதற்குள் இருக்கும் வகைகள் வெறும் ஆள் கணக்கால் பிரிந்தவை அல்ல, வாசிக்கும் முறையிலேயே வேறானவை. அந்த வேறுபாட்டைச் சொல்லாத கலைச்சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஸ்ட்ரிங் குவார்டெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நால்வருக்கும் தனித்தனி பார்ட், அதாவது அவரவர் வாசிக்க வேண்டிய வரி, ஒருவர் நிறுத்தினால் அந்த வரியே இல்லாமல் போகும், நடத்துநர் என்று ஒருவர் முன்னால் நிற்பதும் கிடையாது. சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் கதை வேறு. வயலின்காரர்கள் மட்டுமே முப்பது பேர் வரை இருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு இருப்பது முதல் வயலின், இரண்டாம் வயலின் என்று பெரும்பாலும் இரண்டே பார்ட். இருவருக்கு ஒரு தாள்தாங்கி. பக்கம் முடியும்போது உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வாசிப்பை விட்டுவிட்டுத் தாளைப் புரட்டுவார், வெளிப்பக்கத்தவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருப்பார், கேட்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒரு பார்ட்டுக்கு ஓர் ஆள் என்பது ஒரு வகை, ஒரே பார்ட்டைப் பலர் சேர்ந்து வாசிப்பது இன்னொரு வகை. எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது.

அதனால் என் முன்மொழிவு: முதல் வகைக்குச் சிற்றியம், இரண்டாவதற்குப் பல்லியம். இயம் என்றால் இசைக்கருவி. பல்லியம் நான் புதிதாகச் செய்த சொல் அல்ல, திருமுருகாற்றுப்படையிலேயே 'அந்தரப் பல்லியம் கறங்க' என்று வருகிறது. பல்லி நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டுமே, நாலு தடவை படித்தால் போய்விடும். சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவைச் 'சிறு பல்லியம்' எனலாம், ஏனென்றால் ஆள் குறைந்தாலும் அங்கேயும் ஒரு பார்ட்டைப் பலர் பகிர்கிறார்கள். சிற்றியங்கள் வாசிக்கும் சேம்பர் மியூசிக்கை 'அறையிசை' என்று பெயர்ப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடலாம். சேம்பர் என்பது அது முதலில் வாசிக்கப்பட்ட இடத்தைத்தான் குறித்தது, இன்று பெரிய அரங்குகளிலும் வாசிக்கிறார்கள், போதாததற்கு அறை என்றால் கன்னத்தில் விழுவதும்தான்.

இசைக்குழுவுக்கு ஆமந்திரிகை என்ற பரிந்துரையைப் பற்றி. சொல் அழகுதான். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, அதன் பின்னே முழவு என்று ஒன்றையொன்று தொடர்ந்து வந்து கடைசியில் முழவோடு ஆமந்திரிகை கூடுகிறது. ஆனால் உரையில் அதற்கு இடக்கை என்ற வாத்தியம் என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள், அதாவது அது ஒரு தனிக் கருவி. ஒரு கருவியின் பெயரை முழுக் கூட்டத்துக்கும் தூக்கிக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இனி டுயெட், ட்ரியோ, குவார்டெட், அதாவது இருவர், மூவர், நால்வர் குழுக்கள். 'நால்வர்' என்று மட்டும் வைத்தால் தமிழில் படிப்பவருக்குச் சம்பந்தரும் அப்பரும்தான் முதலில் வந்து நிற்பார்கள். சரி, 'இசை' சேர்க்கலாம் என்று பார்த்தால் நால்வர் + இசை புணர்ந்து நால்வரிசையாகிவிடுகிறது, யார் படித்தாலும் நாலு வரிசை என்றுதான் படிப்பார்கள். இருவரிசை, மூவரிசை எல்லாவற்றுக்கும் இதே கதி. இடைவெளி விட்டு எழுதினால் போதும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை, நாலு பேர் கையில் போனால் அது ஒட்டிக்கொண்டுவிடும். இயத்தோடு எண்ணைச் சேர்த்தால் தொல்லை குறைவு: ஈரியம், மூவியம், நாலியம், ஏழியம், எண்ணியம். ஆறியம் கொஞ்சம் சிக்கல், அவசரத்தில் ஆரியம் என்று காதில் விழும். அபூர்வமாக வரும் சொல்தானே, பொறுத்துக்கொள்ளலாம். பெரிய எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வரும் என்று நினைக்கிறேன். மார்க்சியம், பெண்ணியம் என்று பழகிய காதுக்கு நாலியமும் ஏதோ கொள்கை மாதிரி கேட்கும். இருந்தாலும் 'நாலியம் வாசித்தார்கள்' என்று ஒரு வாக்கியத்தில் வரும்போது யாருக்கும் குழப்பம் வராது. குவார்டெட் என்பது ஆட்களையும் குறிக்கும், அவர்களுக்காக எழுதப்பட்ட படைப்பையும் குறிக்கும். படைப்பைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'நாலிய உருப்படி' என்று எழுதலாம், உருப்படி வித்வான்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்.

பியானோ ட்ரியோ என்றால் மூன்று பியானோ அல்ல. பியானோ, வயலின், செல்லோ. 'பியானோ மூவியம்' என்று போட்டால் மூன்று பியானோவைத்தான் நினைப்பார்கள். 'பியானோசேர் மூவியம்' என்றால் தீர்ந்தது. ஐவர் சேர்ந்த கிளாரினெட் குயின்டெட்டும் அப்படியே, ஒரு கிளாரினெட்டோடு ஒரு நரம்பு நாலியம், அதாவது ஸ்ட்ரிங் குவார்டெட். பியானோ குயின்டெட் பெரும்பாலும் பியானோவும் நரம்பு நாலியமும் சேர்ந்தது, ஆனால் 1819-ல் ஷூபர்ட் எழுதியதில் இரண்டாம் வயலினுக்குப் பதில் டபுள் பேஸ் இருக்கிறது. ஆகவே பெயரை வைத்துக் கருவிகளைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது, அகராதியில் வரையறையில்தான் எழுத வேண்டும்.

கருவி வகைகளுக்கு வருவோம், இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். புல்லாங்குழல், கிளாரினெட் போன்ற ஊதுகருவிகளின் வகையான உட்விண்டை 'மரக்காற்று' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன், வேப்பமரத்தடியில் போய் உட்காரலாம் போலிருந்தது. இன்றைய புல்லாங்குழல் பெரும்பாலும் உலோகம், சாக்சபோன் பித்தளை, இரண்டுமே உட்விண்ட்தான். 'பித்தளைக் கருவி' என்று ட்ரம்பெட் போன்றவற்றின் வகையான பிராஸுக்குப் பெயர் வைத்தால் சாக்சபோனை எங்கே போடுவீர்கள்? செய்த பொருள் இங்கே முக்கியமில்லை, ஒலி எங்கே பிறக்கிறது என்பதுதான் விஷயம். ட்ரம்பெட், ட்ராம்போன், ட்யூபாவில் வாசிப்பவரின் உதடே அதிர்கிறது. மற்றதில் சீவாளி போன்ற நாணலோ துளையின் விளிம்பில் மோதும் காற்றோ அதிர்கிறது. உதடு அதிரும் கருவிக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: கொம்பு. ஆகவே உட்விண்ட் குழல் வகை, பிராஸ் கொம்பு வகை. நம் 'துளைக்கருவி' இரண்டுக்கும் பொதுவாக நிற்கட்டும், ட்ரம்பெட்டில் விரல் வைக்கும் துளை இல்லை என்று வாதாட வேண்டாம்.

இதில் ஒரு விதிவிலக்கை மறக்கக்கூடாது. விண்ட் குயின்டெட்டில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகியவற்றோடு ஹார்னும் உண்டு, அது கொம்பு வகை. எனவே 'குழல் ஐந்தியம்' தவறு, 'ஊது' என்ற அடை வேண்டும். பிராஸ் பேண்டுக்குக் கொம்பணி என்று வைக்கலாம், பிரிட்டிஷ் பாணிக் குழுவில் ட்ரம்பெட் இருக்காது, அதைப் போன்ற கார்னெட்தான். குழலும் கொம்பும் தாளக்கருவியும் சேர்ந்த கான்சர்ட் பேண்டுக்கு ஊதணி. ஈழத்தில் அணிவகுத்து வாசிக்கும் குழுவுக்கு 'இன்னியம்' என்று ஏற்கெனவே வழங்குகிறார்கள், மார்ச்சிங் பேண்டுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். ராக் பேண்டு பேண்டாகவே இருக்கட்டும், அதை மாற்றப் போய் யாரும் சிரிக்க வேண்டாம். இந்தோனேசிய இசைக்குழுவான கமெலானும் அப்படியே. அங்கே அந்தப் பெயர் சேர்ந்தே சுருதி சேர்க்கப்பட்ட கருவித் தொகுதிக்கும் உரியது, ஒரு தொகுதியிலிருந்து ஒரு கருவியை எடுத்து இன்னொன்றில் வைத்தால் பெரும்பாலும் சுருதி சேராது. இதற்குத் தமிழ்ப் பெயர் தேட வேண்டிய அவசியமே இல்லை. பாடுபவர்கள் குழுவுக்குச் சேர்ந்திசைக் குழு இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஒன்று மட்டும் இலக்கணம் தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள். குயின்டெட்டுக்கு மேலே சும்மா ஐந்தியம் என்று எழுதிவிட்டேன். ஐயிரண்டு மாதிரி ஐயியம் என்று வர வேண்டும், ஆனால் சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஐவர் வழியில் ஐவியம் என்றால் மூவியத்தோடு ஓசை பொருந்துகிறது, விதி பொருந்துகிறதா?