வாவிக்கரைக் கோட்டை: கேம் கொன்செப்ட் ஆர்ட் புரொஜெக்டை எப்படிப் பிரிச்சுச் செய்யலாம்?

புளியந்தீவு_ஸ்கெட்ச்

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில இந்தத் தவணை வீடியோ கேமுக்கான கொன்செப்ட் ஆர்ட் பாடம். 5 கிழமைக்குள்ள புரொஜெக்ட் முடிக்க வேணும். கமரா பிளேயருக்குப் பின்னால வாற தேர்ட் பேர்சன் சாகச கேம். இடம் மட்டக்களப்பு வாவிக்கரையில ஒரு பழைய கோட்டை. கோட்டை வாசல், ஒரு தோணி, ஒரு காவலாளி, மூண்டும் கட்டாயம். காவலாளியின்ட உடுப்பை வடமோடிக் கூத்தில இருந்து எடுக்கலாமெண்டு யோசிக்கிறன்.

பின்னேர வெளிச்சத்தில கோட்டையை ஒரு பெரிய படமா வரைஞ்சு காட்டினதுக்கு, "இது இலஸ்ட்ரேஷன், கொன்செப்ட் இல்ல" எண்டு லெக்சரர் சொல்லிட்டார். வித்தியாசம் என்ன? கடைசியில என்னென்ன தாள் குடுக்க வேணும்?

லெப்டொப் 8 ஜிபி ராம், வரையிறதுக்குக் கிரீட்டா சொஃப்ட்வெயார், சின்ன பென் டெப்லெட். கான்வஸ் பெரிசானா பிரஷ் இழுபடுது. பென்னால வட்டம் போட்டா நீள்வட்டமா வருது. இதுக்கும் வழி தெரிஞ்சா சொல்லுங்க.

கண்டல்வேர்

லெக்சரர் சொன்னது சரிதான் தம்பி. நீங்க வரையிற தாளை அடுத்ததாக் கையில எடுக்கிறவர் 3டி மொடலர். வாசல் எவ்வளவு உயரம், கதவு உள்ளுக்குத் திறக்குமா வெளியிலயா, மதிலின்ட பின்பக்கம் எப்படி, எது கல் எது சாந்து எது மரம், இதெல்லாம் உங்களுக்குக் கோல் எடுக்காமலே அவருக்கு விளங்க வேணும். பின்னேர வெளிச்சத்தில அழகா இருக்கிற ஒரு படத்தில பாதிக் கோட்டை இருட்டுக்குள்ள போயிருக்கும். அந்தப் பாதியை அவர் ஊகிச்சுத்தான் செய்ய வேணும்.

முதல் கிழமை முழுக்க ரெஃபரன்ஸும் (பாத்து வரையிற படங்கள்) தம்நெயிலும் (சின்ன முன்வரைவுகள்) மட்டும். பியூர்ரெஃப் எண்ட, ரெஃபரன்ஸ் படம் அடுக்கிற சொஃப்ட்வெயாரின்ட போர்டில நூற்றுக்கணக்கில படம் குவிக்க வேண்டாம். 25 போதும், ஆனா ஒவ்வொண்டுக்குக் கீழயும் ஏன் எடுத்தது எண்டு ஒரு சொல் எழுதுங்க: "கல் அடுக்கு", "வாசல் அளவு", "பாசி". காரணம் எழுத முடியாத படத்தைத் தூக்கிடுங்க.

தம்நெயில் 30 போடுங்க. ஒவ்வொண்டும் 7 செ.மீ. அகலம், ஒரே பெரிய பிரஷ், மூண்டு டோன் மட்டும்: வெளிச்சம், நடு, இருட்டு. சூம் பண்ணக் கூடாது. ஒண்டுக்கு 5 நிமிசம். இதில வழமையா நடக்கிற பிழை, 30உம் ஒரே கோணத்தில இருக்கும், மரம் மட்டும் இடம் மாறியிருக்கும். அதனால முதலே பிரிச்சுக்கொள்ளுங்க: 10 நிண்டு பாக்கிற உயரத்தில, 10 தோணிக்குள்ள இருந்து, 10 மதிலுக்கு மேல இருந்து. அதில மூண்டைத் தெரிஞ்சு லெக்சரரிட்டக் காட்டிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேணும்.

மட்டக்களப்புக் கோட்டையைப் போய்ச் சுத்திப் பாருங்க. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடிச்சது. சதுரம், நாலு மூலைக்கும் கொத்தளம் (மதிலுக்கு வெளிய நீட்டி நிக்கிற காவல் மேடை), ரெண்டு பக்கம் வாவி, ரெண்டு பக்கம் அகழி. இதை வரலாறாக மட்டும் பாக்காதீங்க, அது ஒரு லெவல் டிசைன். நாலு பக்கமும் தண்ணி எண்டா பிளேயர் வாசலால வரலாம், இல்லாட்டித் தோணியில வரலாம், வேற வழி இல்ல. உங்கட தோணி அலங்காரமில்ல, அது ரெண்டாவது நுழைவு. அப்ப தோணி கட்டுற இடத்தையும் மதிலில ஏறுற இடத்தையும் நீங்கதான் வரைய வேணும்.

ரெண்டாம் கிழமை பிளெண்டர் 3டி சொஃப்ட்வெயாரில பெட்டிகளால ஒரு பிளொக்கவுட், அதாவது அளவு பாக்கிற பருமட்டான மொடல். 1 யூனிட் = 1 மீட்டர். முதலில 1.7 மீட்டரில ஒரு ஆள் பெட்டி வைங்க, மிச்சமெல்லாம் அதுக்குப் பக்கத்தில. வீட்டுக் கதவு அளவில, 2.1 மீட்டர் உயரம் 0.9 மீட்டர் அகலத்தில, வாசல் வைச்சா தேர்ட் பேர்சன் கமரா சுவரில முட்டும். ஏனெண்டா கமரா ஆளுக்குப் பின்னாலயும் கொஞ்சம் மேலயும் வருது. உயரம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர் எண்டு தொடங்குங்க. பிளெண்டர் கமராவின்ட லென்ஸ் வழமையா 50 மி.மீ.இல நிக்கும், இடத்தைக் காட்ட 24 முதல் 35 வரை நல்லது. 18க்குக் கீழ போனா ஓரத்துக் கொத்தளம் இழுபட்டு, மொடலர் அளவைப் பிழையா எடுப்பார்.

இந்தப் பிளொக்கவுட் ரெண்டரை கிரீட்டாவுக்குள்ள எடுத்து மேல வரையிறது மூண்டாம் கிழமை. காவலாளிக்கும் தோணிக்கும் நாலாம் கிழமை. அஞ்சாம் கிழமை, தாள் அடுக்கிக் குறிப்பு எழுத. எழுத்து வேலையை ஒரு இரவில முடிக்கலாமெண்டு நினைக்காதீங்க.

களரிமேடு

காவலாளியைப் பற்றி மட்டும் சொல்றேன். மட்டக்களப்புக் கூத்தில வடமோடி, தென்மோடி எண்டு ரெண்டு வகை. வடமோடிக்குக் கரப்புடுப்பு, இடுப்புக்குக் கீழ விரிஞ்சு நிக்கிறது. தென்மோடி உடுப்பு அதைவிடப் பாரம் குறைஞ்சது. ரெண்டையும் ஒரே பாத்திரத்தில கலக்காதீங்க, இங்க கூத்துத் தெரிஞ்ச எவரும் பார்த்த உடனே பிடிப்பாங்க.

நிழலுருவுக்கு வடமோடி நல்ல தெரிவு. மேல கிரீடம், கீழ அகண்ட அடி. உருவத்தை முழுக்கக் கறுப்பால நிரப்பி, 64 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்க. அப்பவும் கிரீடமும் உடுப்பும் பிரிஞ்சு தெரிஞ்சா சரி.

பிரச்சினை அசைவில வரும். விரிஞ்ச உடுப்பு ஒரே துண்டா இருந்தா, நடக்கும்போது முழங்கால் துணியைத் துளைச்சுக்கொண்டு வெளிய வரும், கையைத் தொங்கவிட்டால் விரல் உடுப்புக்குள்ள போகும். அதனால உடுப்பை 8 மடல்களாப் பிரிச்சு, முன்னுக்கு ஒரு பிளவு விட்டு, முழங்காலுக்கு மேல நிப்பாட்டுங்க. ஒவ்வொரு மடலுக்கும் ரிக்கில (மொடலை அசைக்கிற உள் எலும்புக்கூடு) எலும்பு வைக்கலாம். எந்த மடல் எதுக்கு மேல படியுது எண்டதைச் சின்னப் படமாத் தனியா வரைஞ்சு காட்டுங்க, அதுதான் மொடலருக்கு உதவும்.

முன், பக்கம், பின் மூண்டு தோற்றமும் ஒரே தாளில. கை உடம்பிலிருந்து 45 பாகை அளவில விலகி நிக்கட்டும். கிரீட உச்சி, நாடி, தோள், இடுப்பு, முழங்கால், பாதம் எல்லாத்துக்கும் குறுக்குக் கோடு போட்டு, மூண்டு தோற்றத்திலயும் அதே கோட்டில நிக்குதா எண்டு பாருங்க. இந்தத் தாளில பெர்ஸ்பெக்டிவும் நிழலும் வேண்டாம். உயரத்தைக் கிரீடம் இல்லாமலும் எழுதுங்க, கிரீடத்தோட மட்டும் எழுதினா ஆள் குள்ளமா வந்திடுவார்.

உண்மையான உடுப்பைப் படமெடுக்க முதல், கூத்துப் பழக்கிற அண்ணாவியாரிட்டக் கேட்டு எடுங்க. எதை அப்படியே வைச்சிருக்கு, எதை விளையாட்டுக்காக மாத்தினது எண்டு தாளில ரெண்டு வரி எழுதுங்க. நம்மட கலையைக் கடன் வாங்கினா அதை ஒழுங்காச் சொல்லத்தான் வேணும்.

மூன்றாம்பிறை

பிரஷ் இழுபடுறது ராம் கணக்கு. 3840×2160 கான்வஸில 8 பிட் லேயர் ஒண்டு கிட்டத்தட்ட 33 எம்பி. 30 லேயர் போட்டா 1 ஜிபி, அதுக்கு மேல அன்டூ வேற. 16 பிட் எண்டா ரெட்டிப்பு. 1920×1080, 8 பிட்டில தொடங்கி, அமைப்பு முடிவான பிறகு பெரிசாக்குங்க. செட்டிங்ஸில பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில கிரீட்டாவுக்கு 4 ஜிபி விடுங்க, இன்ஸ்டன்ட் பிரிவியூவை ஒன் பண்ணுங்க, பிரவுசரை மூடுங்க. வட்டம் நீள்வட்டமாறது டெப்லெட் பரப்பும் ஸ்கிரீன் விகிதமும் பொருந்தாததால. 6 அங்குல அகலமெண்டா 16:9 ஸ்கிரீனுக்கு உயரம் ஏறக்குறைய 3.4 அங்குலம். டிரைவரில அப்படி வைங்க. இனி பென் அழுத்தம் (பிரஷர்) வேலை செய்யாட்டி, கிரீட்டாவின்ட டெப்லெட் செட்டிங்ஸில வின்டெப், விண்டோஸ் இங்க் எண்டு பென்னை வாசிக்கிற ரெண்டு முறை இருக்கு, அதில மற்றதுக்கு மாத்தி, மூடித் திறங்க.

இப்ப வாவி. தண்ணியில தெரியிற விம்பத்தை லேயரைப் புரட்டிப் போட்டு வரையிறவங்கதான் அதிகம். அது பிழை. விம்பம் எண்டது, உங்கட கண் தண்ணிக்கு மேல எவ்வளவு உயரத்தில இருக்கோ, தண்ணிக்குக் கீழ அதே அளவு ஆழத்தில ஒரு கண் இருந்து மேல பாக்கிற காட்சி. கல்லடிப் பழைய பாலத்தைக் கரையில நிண்டு பாருங்க: நேரா பாலத்தின்ட பக்கம்தான் தெரியும், தண்ணியில அதன் அடிப்பக்கம் தெரியும். உங்கட வாசல் வளைவுக்கும் இதேதான். பிளொக்கவுட்டில தண்ணிக்கு ஒரு தளம் போட்டு, அது கண்ணாடி மாதிரி இருக்க ரஃப்னெஸ் 0, மெட்டலிக் 1 குடுத்து ரெண்டர் பண்ணினா சரியான விம்பம் கிடைக்கும், அதைப் பாத்து வரையுங்க. வெளிச்சமான பொருள் விம்பத்தில கொஞ்சம் மங்கும், இருட்டான பொருள் கொஞ்சம் வெளுக்கும்.

வெளிச்சத்தையும் கவனியுங்க. எங்கட கடல் கிழக்கில. சூரியன் கடலில உதிக்கும், பின்னேரம் தரைப்பக்கமா இறங்கும். கடலுக்குள்ள சூரியன் மறையிற ரெஃபரன்ஸ் படமெல்லாம் மேற்குக் கரையில எடுத்தது. அதை வைச்சு வரைஞ்சா கோட்டையின்ட நிழல் எல்லாம் எதிர்ப்பக்கம் விழும்.

கரை மரத்தையும் பொதுவா "கண்டல்" எண்டு ஒரு பச்சைக் குவியலா விடாதீங்க. கண்டலுக்குத் தண்டிலிருந்து வேர் வளைஞ்சு தண்ணிக்குள்ள இறங்கும். கண்ணா எண்ட மற்றக் கரை மரத்துக்குச் சேற்றிலிருந்து விரல் நீளத்தில மூச்சு வேர் செங்குத்தா நிக்கும். தோணி வளைவு வேருக்குள்ள ஒளியலாம், மூச்சு வேருக்கு மேல இழுக்க ஏலாது. பிளேயர் எங்க ஒளியலாம் எண்டதை மரமே சொல்லும்.

புளியந்தீவு_ஸ்கெட்ச்

மூண்டு பேருக்கும் நன்றி, உண்மையில இப்பதான் விளங்குது. ஒண்டு மட்டும்: வாசல் தாளில எவ்வளவு குறிப்பு எழுதலாம்? எழுத்து கூடினாப் படம் கெடுமே?

கண்டல்வேர்

வாசலுக்கு 6 முதல் 8 அம்புக்குறி போதும். உயரம், அகலம், மதில் தடிப்பு, கதவு திறக்கிற பக்கம், கல், சாந்து, மரம் எண்ட மூண்டு பொருள், உடையக்கூடிய பகுதி ஏதாவது இருந்தா அது. "பழமையான தோற்றம்" மாதிரி எழுதாதீங்க, மொடலருக்கு அதால பயனில்ல. "நிலத்திலிருந்து 0.5 மீட்டர் வரை பாசி, அதுக்கு மேல சாந்து உதிர்ந்து கல் தெரியும்" எண்டு எழுதுங்க. மதிலை 4 மீட்டர் துண்டுகளாப் பிரிச்சு, நேர்த் துண்டு, மூலைத் துண்டு, உடைஞ்ச துண்டு எண்டு தனித்தனியாக் காட்டினா, அந்த மூண்டையும் திருப்பித் திருப்பி வைச்சே முழுக் கோட்டையும் கட்டிடுவாங்க. A3இல அச்சடிக்கிறதா இருந்தா எழுத்து 10 பொயின்டுக்குக் குறையக் கூடாது.