மயக்க வாயு செல்களின் வளர்ச்சியை நிறுத்துமா?

தொட்டாற்சுருங்கி:
மயக்க வாயு மூளையை மட்டும்தான் தூங்க வைக்கும் என்று இங்கே ஒருவர் சொன்னார். தப்பு. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளோட் பெர்னார்ட் விதைகளை அக்கால மயக்க மருந்தான ஈதரின் ஆவியில் வைத்துப் பார்த்தார், முளைக்கவே இல்லை. விதைக்கு ஏது மூளை? வளரும் செல் எதுவானாலும் இந்த வாயுக்கள் அதன் கையைக் கட்டிவிடும். முதலில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவை ஆபரேஷன் தியேட்டரை விட்டே துரத்த வேண்டும்.

ஓடி ஊழியன்:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்களே, ஈதரை எடுத்ததும் அதே விதைகள் முளைத்தன! அப்புறம், எல்லா வாயுவையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். நைட்ரஸ் ஆக்சைடு தனி ரகம். வைட்டமின் பி12-இன் நடுவில் உள்ள கோபால்ட்டை அது கெடுக்கும், உடனே பி12-ஐ நம்பியிருக்கும் மெத்தியோனின் சின்தேஸ் என்ற நொதி முடங்கும், ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் பயன்படாமல் சிக்கிக்கொள்ளும், டிஎன்ஏ-வுக்கு வேண்டிய தைமிடின் குறையும், செல் பெருகத் திணறும். செவோஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க வாயுவுக்கு இந்த வேலை தெரியாது.

தொட்டாற்சுருங்கி:
சரி, அந்த ஒரு வாயுவையே பேசுவோம். டென்மார்க்கில் டெட்டனஸ் நோயாளிகளின் வலிப்பை அடக்க நாள் கணக்கில் அதைக் கொடுத்தார்கள், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை படுத்து வெள்ளை அணுக்கள் சரிந்தன. 1956-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த விஷயம் இது.

ஓடி ஊழியன்:
நாள் கணக்கில்! ஆபரேஷனில் நாங்கள் கொடுப்பது இரண்டு மணி நேரம். 2014-இல் வெளியான எனிக்மா-2 ஆய்வில் இதய ஆபத்துள்ள சுமார் 7,000 பேரைப் பார்த்தார்கள், நைட்ரஸால் மரணமோ மாரடைப்போ கூடவில்லை.

தொட்டாற்சுருங்கி:
மஜ்ஜையைப் பற்றிப் பேசினால் மாரடைப்புக் கணக்கு காட்டுகிறீர்கள். மனிதரிடம் அந்த நொதியின் வேகம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகிவிடும், புதிதாக நொதி உருவாகி அது தேறவோ நாட்கள் பிடிக்கும். நடுவில் அடுத்த ஆபரேஷன் வந்தால்?

ஓடி ஊழியன்:
அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அடுத்தடுத்து ஆபரேஷன் என்றால் நானே நைட்ரஸைத் தொடமாட்டேன். எல்லோருக்கும் தடை என்பதைத்தான் ஏற்கமாட்டேன்.

கீரைக்கட்டு:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பாட்டி பால்கூடக் குடிக்காத சுத்த சைவம், ஏற்கெனவே கால் மரத்துப்போகிறது என்கிறார். போன வருஷம் ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை, உப்பு எல்லாம் பார்த்தார்கள், பி12 மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஓடி ஊழியன்:
கேட்டிருக்க வேண்டும், சுத்த சைவருக்கு பி12 குறைவாக இருக்கலாம், கால் மரத்துப்போவது அதன் அறிகுறியாகவும் இருக்கலாம், அந்த நிலையில் நைட்ரஸ் மிச்சத்தையும் கெடுக்கும். இப்போதாவது பார்த்துவிடுங்கள். மறுபடி ஆபரேஷன் வந்தால் மயக்க மருத்துவரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.