மறு: ஃப்ரேசல் வெர்ப் – 'ஒட்டுவினை' என்று வைக்கலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் வினையோடு 'அப்', 'அவுட்' மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வருகிற 'ஃப்ரேசல் வெர்ப்'புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று ஒரு வாரமாக ஓடுகிற இந்த இழையை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். காட்பாடியில் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். தினமும் இந்தச் சனியனோடு மல்லுக்கட்டுவதால் என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

இதுவரை வந்தவற்றில் 'சொற்றொடர் வினை' அச்சு அசலான மொழிபெயர்ப்பு. அதைக் கேட்கிற பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது. 'கூட்டுவினை' நல்ல சொல்தான். ஆனால் அதில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. கண்டுபிடி, கைவிடு போன்றவற்றை நம் இலக்கணக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 'தொடர்வினை' என்றால் பத்தாம் வகுப்புப் பையன் நேராக அணுக்கருப் பிளவுக்குப் போய்விடுவான். 'சேர்க்கை வினை'யும் அதே கதை. வினை என்று முடிகிற சொற்களில் பாதியை வேதியியல்காரர்கள் பட்டா போட்டுக்கொண்டுவிட்டார்கள்!

ஒரு ஆறுதல். ஆங்கிலக்காரர்களுக்கே இதற்குப் பெயர் வைக்க வெகுநாள் பிடித்திருக்கிறது. 1755இல் வந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் இந்த வகையைத் தனியாகச் சுட்டி, வெளிநாட்டாருக்கு இதுதான் பெரிய தொல்லை என்கிறார். 'கம் ஆஃப்', 'ஃபால் ஆன்', 'பிரேக் ஆஃப்' என்று வரிசையாக எடுத்துக்காட்டும் தருகிறார். பெயர் மட்டும் வைக்கவில்லை. இன்று வழங்கும் பெயரை 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் தம் நூலில் எடுத்தாண்டார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி யோசனை சொன்ன பெயர் அது. இடையில் 170 வருஷம். நாம் ஒரு வாரம் அடித்துக்கொள்வதில் தப்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வகுப்பில் நடந்தது. நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதப்போகிற ஒரு பெண். 'த பேஷண்ட் பாஸ்டு அவுட்' என்று பலகையில் எழுதி, தமிழில் சொல்லம்மா என்றேன். யோசிக்கவே இல்லை. "பேஷண்ட் படிச்சு முடிச்சிட்டார் சார்." வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தப் பெண் மீது என்ன தப்பு? 'எந்த வருஷம் பாஸ் அவுட்?' என்றுதானே இங்கே கல்யாணப் பேச்சில்கூடக் கேட்கிறோம். படுக்கையில் கிடப்பவர் மயங்கி விழுந்ததற்கும் அதே இரண்டு சொல்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சொல் தள்ளி 'பாஸ்டு அவே' என்றிருந்தால் ஆளே போய்ச் சேர்ந்திருப்பார். பாஸ் அப்படியே இருக்கிறது. பின்னால் வருகிற துக்கடாச் சொல்தான் மயக்கமா, மரணமா என்று தீர்மானிக்கிறது. ('புட் அப்' இன்னும் மோசம். அலுவலகத்தில் ஃபைல் புட் அப் ஆகும், வெளியூர்க்காரர் லாட்ஜில் புட் அப் ஆவார். அந்த ஃபைல் திரும்பி வரும் வரைக்கும் நாம் 'புட் அப் வித்', அதாவது பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும்.)

எனவே சின்னச் சொல் வந்து சேர்ந்ததும் வினையின் பொருளே மாறிவிடுகிறது என்பதைப் பெயர் காட்ட வேண்டும். சேர்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. நான் முன்வைப்பது 'ஒட்டுவினை'.

குடியாத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். நாட்டு மாங்கன்றின் தலையைச் சீவி, அதில் பெங்களூரா என்கிற மாம்பழ ரகத்தின் குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். வேர் நாட்டு மரத்துடையது. காய்ப்பது பெங்களூரா. அந்தக் கட்டுக்குக் கீழே துளிர் விட்டால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் நாட்டுமரம் மேலே ஏறி ஒட்டை அமுக்கிவிடும். என் மாணவர்களிடம் நான் பார்ப்பது அச்சு அசல் அதுதான். 'புட் ஆஃப்' என்றதும் 'புட்' கீழேயிருந்து துளிர்த்து 'வை' என்று நிற்கும். 'தள்ளிப்போடு' என்ற காய் வராது. நானும் கிள்ளிக்கொண்டே இருக்கிறேன்.

இனி, ஆம்பூர் நண்பர் நேற்று எழுப்பிய மறுப்பு:

> ஒட்டு என்றால் பிரியக்கூடாதே? 'டர்ன் இட் ஆஃப்' என்று நடுவில் ஆள் புகுந்துவிடுகிறதே. முன்னொட்டு, பின்னொட்டு எல்லாம் இப்படியா பிரிந்து நிற்கின்றன?

நியாயமான கேள்வி. 'டர்ன் ஆஃப் இட்' என்றால் காது கூசும், 'இட்' நடுவில்தான் வர வேண்டும். ஆனால் ஆங்கிலத்துக்குப் பங்காளியான ஜெர்மனைப் பாருங்கள். 'அன்கொம்மென்' என்றால் வந்துசேர்தல். வாக்கியத்தில் போட்டால் 'இக் கொம்மே அன்' என்று அந்த 'அன்' கடைசிக்கு ஓடிவிடும். அப்படி ஓடியும் அதைப் பிரியக்கூடிய முன்னொட்டு என்றுதான் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 'விட்டுக்கொடு' நமக்கு ஒரே சொல். தம்பியிடம் சண்டைபோடுகிற பெரியவனிடம் அம்மா என்ன சொல்கிறாள்? "விட்டுத்தான் கொடேன்டா!" நடுவில் 'தான்' நுழைந்துவிட்டது. பொருள் குலையவில்லை. 'தள்ளித்தான் போடேன்', 'கண்டேபிடிச்சிட்டான்' எல்லாம் அதே சங்கதி. ஆகவே பிரியும் ஒட்டுவினை, பிரியா ஒட்டுவினை என்று இரண்டாக வைத்துக்கொள்ளலாம். 'லுக் ஆஃப்டர்' இரண்டாவது வகை. 'ஹிம்' அதன் நடுவில் போகாது, பின்னால்தான் நிற்கும்.

எது ஒட்டுவினை, எது சும்மா பக்கத்தில் நிற்பது என்று பார்க்க நான் வகுப்பில் சொல்வது: ரத்தினகிரி மலைமேல் ஒருவன் ஓடுகிறான், 'ரன் அப் த ஹில்'. மளிகைக் கடையில் ஒருவன் பாக்கியை ஏற்றிக்கொண்டே போகிறான், 'ரன் அப் எ பில்'. முதல் வாக்கியத்தில் 'அப் த ஹில்' என்பதைத் தூக்கி முன்னால் வைத்தாலும் வாக்கியம் நிற்கும். இரண்டாவதில் 'அப் எ பில்' என்று தூக்கினால் சரிந்துவிடும், ஏனென்றால் அந்த 'அப்' ஓட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. 'சிட் டவுன்', 'கோ அவுட்' போன்றவற்றில் இரண்டு சொல்லும் தத்தம் பொருளிலேயே இருக்கின்றன. ஒரே தொட்டியில் இரண்டு செடி. என்னைக் கேட்டால் அவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பாடப்புத்தகங்கள் சேர்க்கின்றன என்பது தெரியும்.

இன்னொன்று. 'ஈட் அப்', 'ட்ரிங்க் அப்', 'யூஸ் அப்' இவற்றில் 'அப்' மேலே போகவில்லை, வேலையை முடித்துவைக்கிறது. தமிழில் இதை 'விடு' செய்கிறது: சாப்பிட்டுவிடு, குடித்துவிடு. வேலூர் லாங்கு பஜாரில் பத்து நிமிஷம் நின்றால் உருதுவில் 'கிர் கயா', தெலுங்கில் 'படிபோயிந்தி', தமிழில் 'விழுந்துபோச்சு' மூன்றும் காதில் விழும். மூன்றிலும் விழுதலுக்குப் பின்னால் போதல். நம் பக்கத்து மொழிகள் இன்னொரு வினையைக் கொண்டுவந்து செய்கிற வேலையை ஆங்கிலம் ஒரு குட்டிச் சொல்லை வைத்து முடித்துக்கொள்கிறது. நம் வினைகளும் தேய்ந்தால் குட்டிச் சொல்தான். 'எடுத்துக்கொண்டு' இங்கே 'எத்துக்கினு' ஆனபின் அந்தக் 'கினு'வுக்குள் 'கொள்' இருப்பது யாருக்குத் தெரிகிறது?

ஒட்டிக்கொள்ளும் அந்தக் குட்டிச் சொல்லுக்கு என்ன பெயர் என்று ஆரணி அக்கா கேட்டிருந்தார். 'இடைச்சொல்' போதும் என்பது என் கட்சி. 'இடையெனப் படுப பெயரொடும் வினையொடும் நடைபெற்று இயலும் தமக்கியல்பு இலவே' என்கிறது தொல்காப்பியம். பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் நடக்கும், தனியாக நிற்கிற இயல்பு அதற்குக் கிடையாது என்று அர்த்தம். 'அப்' தனியாக நின்றாலும் 'மேலே' என்று பொருள் தரும் என்பதால் கறாராகப் பார்த்தால் முழுசாகப் பொருந்தாது. ஆனால் ஒட்டுவினைக்குள் வந்த பிறகு அதற்கென்று சொந்தப் பொருள் என்ன மிச்சம் இருக்கிறது?

ஒரே ஒரு பயம். தட்டச்சில் ஒரு நெடில் கூடினால் 'ஓட்டுவினை' ஆகிவிடும், தேர்தல் சமாச்சாரம் என்று நினைப்பார்கள். விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுகிறவர் அந்த எழுத்தை மட்டும் இரண்டு முறை பார்த்துவிடட்டும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கிறேன். திங்கட்கிழமை பலகையில் இதைத்தான் எழுதப்போகிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து