காலையில் பிடரியும் வலது தோளும் இறுகுகிறது: எந்தத் தலையணை வாங்கலாம்?

உப்புவெளித் தையல்:
வணக்கம். திருகோணமலை, உப்புவெளியில் இருக்கிறேன், வயது 47. வீட்டில் வைத்து சாறி பிளவுஸ், பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறேன். கொஞ்ச நாளாய் காலையில் எழும்பும்போது பிடரியில் தொடங்கி வலது தோள்மூட்டு வரை இறுக்கிப் பிடிக்கிறது. பத்து மணி போல இளகிவிடும். அடுத்த நாள் விடிய அதே கதை.

படுப்பது வலப்பக்கம் சரிந்து. தும்பு மெத்தை, நல்ல இறுக்கம். தலைக்குப் பழைய இலவம்பஞ்சுத் தலையணை. நடுவில் பள்ளம் விழுந்துவிட்டதால் இரண்டாக மடித்து வைப்பேன். கத்தாரில் இருந்து லீவில் வந்த தம்பி ‘கழுத்து நோவுக்கு நல்லதாம்’ என்று மெமரி ஃபோம் தலையணை ஒன்று கொண்டு வந்தான். ஒரு ஓரம் உயரம், மற்ற ஓரம் தாழ்வு. எந்த ஓரம் கழுத்துக்கு என்று பெட்டியில் ஒன்றும் இல்லை. உயரமான ஓரத்தை வைத்துப் படுத்தால் முதலில் சுகமாக இருக்கிறது, விடியும்போது தலை அமிழ்ந்துபோய்க் கிடக்கிறது. கச்சான் வீசுகிற இந்த வெக்கையில் கன்னமெல்லாம் வேர்வை வேறு.

என்.சி. வீதியில் ஒரு கடையில் லேடெக்ஸ் (றப்பர்ப் பாலில் செய்தது) தலையணை காட்டினார்கள். விலை கையைக் கடிக்கிறது. அதை வாங்கினால் சரி வருமா?

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, தலையணைக் கதைக்கு முதல் சிலதைச் சொல்லுங்கோ. கை விறைக்கிறதா, விரலுக்கு மின்சாரம் ஓடுவதுபோல் போகிறதா? கையில் பிடித்த சாமான் நழுவுகிறதா? நடக்கும்போது தள்ளாட்டம், காய்ச்சல், விழுந்து அடிபட்டது ஏதும் உண்டா? சீனி வருத்தம் இருக்கிறதா? கையைப் பின்னால் கொண்டுபோய் உள்சட்டைக் கொக்கி மாட்ட முடிகிறதா?

கொக்கியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சீனி வருத்தக்காரருக்குத் தோள்மூட்டு இறுகிப்போவது அதிகம். கை பின்னாலும் போகாது, மேலேயும் போகாது, இரவில் நோ கூடும். அது எந்தத் தலையணைக்கும் அடங்காது.

உப்புவெளித் தையல்:
நன்றி அக்கா. விறைப்பு இல்லை, ஊசியில் நூல் கோர்க்கும்போது கை நடுங்குவதும் இல்லை. விழவும் இல்லை. சீனி போன வருடம் பார்த்தபோது இல்லை. கொக்கி மாட்டலாம், மாட்டும்போது தோளில் கொஞ்சம் உளைவு.

மூதூர்க்காரன்:
அக்கா, தலையணையைத் தூக்கி எறியுங்கோ. எங்கட அப்பா ஆயுள் முழுக்க வெறும் பாயில், தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்தவர். கழுத்து நோ என்ற பேச்சே இல்லை. அப்படியும் நோ நிற்காவிட்டால் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு வாங்கோ :)

பாலையூற்று பிசியோ:
மூதூர் அண்ணாவின் அப்பாவுக்குச் சரி வந்ததற்குக் காரணம் அவர் மல்லாந்து படுத்ததுதான். மல்லாந்து படுத்தால் தலைக்கும் பாய்க்கும் இடைவெளி கொஞ்சம். சரிந்து படுத்தால் தோளின் அகலம் முழுக்க இடைவெளி. அங்கே தலையணை இல்லையென்றால் தலை கீழே தொங்கும். கிட்டத்தட்ட 5 கிலோ பாரம் இரவு முழுக்கக் கழுத்துத் தசையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். வெந்நீர் இறுகிய தசையைக் கொஞ்ச நேரம் இளக்கும், அதற்கு கன்னியா வரை போகத் தேவையில்லை. துவாயைச் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்து பிடரியில் போட்டாலே போதும்.

அக்கா, என்ன பஞ்சு, என்ன ஃபோம் என்பது பிறகு. முதலில் உயரம். உங்களிடம் அளவு நாடா இருக்கும்தானே? நிமிர்ந்து நின்றுகொண்டு, தோளின் வெளி ஓரத்திலிருந்து கழுத்தடி வரை மகளை அளக்கச் சொல்லுங்கள். இறுக்கமான மெத்தையில் தோள் அமிழாது, அதனால் கிட்டத்தட்ட அந்த முழு அளவும் தலையணையில் வேண்டும். மெதுவான ஸ்பொஞ்ச் மெத்தை என்றால் தோள் உள்ளே போய்விடும், உயரம் குறைய வேண்டும். ஒரே தலையணை ஒரு வீட்டில் நல்லது, இன்னொரு வீட்டில் கூடாது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் மெத்தைதான்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பாருங்கள். பழைய பெட்ஷீட்டுகளைத் தலையணை அகலத்துக்கு மடித்து அடுக்கி, அதன்மேல் சரிந்து படுங்கள். மகள் பின்னால் நின்று ஒரு படம் எடுக்கட்டும். பிடரியும் முதுகெலும்பும் மெத்தைக்குச் சமாந்தரமாக ஒரே கோட்டில் போனால் சரி. தலை மேலே ஏறியிருந்தால் ஒரு மடிப்பை எடுங்கள், தொங்கினால் ஒன்று சேருங்கள். தோளை அடுக்கின்மேல் ஏற்றக் கூடாது. தலையும் கழுத்தும் மட்டும்தான் மேலே.

தம்பி தந்தது: சரிந்து படுக்கும்போது உயரமான ஓரம், மல்லாந்தால் தாழ்ந்த ஓரம். எந்தப் பக்கம் என்றாலும் அந்த மேடு கழுத்தின் வளைவுக்குள் இருக்க வேண்டும், தலைக்குக் கீழே போகக் கூடாது.

இன்னொன்று. நோகிற தோளின் மேலேயே படுக்கிறீர்கள். இடப்பக்கம் மாறுங்கள். நெஞ்சோடு இன்னொரு தலையணையை அணைத்து வலது கையை அதன்மேல் போடுங்கள், இல்லாவிட்டால் கை முன்னால் விழுந்து தோளை இழுக்கும்.

சாம்பல்தீவு:
மெமரி ஃபோம் அமிழ்வது பற்றி: அது சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைக்குச் செய்யத் தொடங்கிய சாமான் அது. ஏசி அறையில் கத்தாரில் தம்பிக்கு நன்றாக நின்றிருக்கும். மின்விசிறி மட்டும் சுற்றுகிற நம் வீடுகளில், இந்த மாதங்களில், நடுச்சாமத்துக்குள் உயரம் போய்விடும். காற்றோட்டமும் குறைவு, அதுதான் வேர்வை. மார்கழி மழைக்கு எடுத்துப் பாருங்கள், வேறு தலையணை மாதிரி இருக்கும்.

லேடெக்ஸ் சூட்டுக்கு அவ்வளவு மாறாது, அமுக்கினால் உடனே எழும்பும், துளைகள் இருப்பதால் காற்றும் போகும். களுத்துறை, கேகாலைப் பக்கம் றப்பர் விளைகிற நாடு, ஆனாலும் நமக்கே விலை அப்படி. வாங்குவதென்றால் கடையில் வைத்து அமுக்கிப் பார்க்காதீர்கள், கையில் என்ன தெரியும்? தலையை வைத்துப் பாருங்கள். தலை வைத்த பிறகு மிஞ்சுகிற உயரம்தான் கணக்கு. றப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

உப்புவெளித் தையல்:
அளந்தோம். தோளிலிருந்து கழுத்தடி வரை ஐந்தரை அங்குலம். பெட்ஷீட்டை அடுக்கிப் படம் எடுத்தால் ஐந்து அங்குலத்தில் கோடு நேராக வருகிறது. மடித்த பழைய தலையணையில் படுத்து எடுத்த படத்தில் காது தோளை நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. மடிப்பு பார்க்க உயரம்தான், தலை வைத்ததும் மூன்று அங்குலம்கூட நிற்கவில்லை.

இந்தக் கிழமை பெட்ஷீட் அடுக்கில் இடப்பக்கம்தான் படுத்தேன். கழுத்து இறுக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது. தோள் உளைவு அப்படியே இருக்கிறது. இனி லேடெக்ஸ் வாங்கவா, இலவம்பஞ்சிலேயே புதிதாக ஒன்று தைக்கவா?

கிண்ணியா உம்மா:
தைக்கத் தெரிந்த பிள்ளை காசைக் கொட்டுவானேன்? பழைய பஞ்சை எடுத்து வெயிலில் காயப்போட்டு, கட்டிகளைக் கையால் பிரித்து உதறு. புதுப்பஞ்சு சேர்த்து நன்றாக அடைத்துத் தை, ஒரு ஓரத்தில் வாய் விட்டு வை. பஞ்சு போகப் போகப் படியும், படிந்த பிறகு அதே வாயால் இன்னும் கொஞ்சம் அடைக்கலாம். உயரம் கூடினாலும் எடுக்கலாம். வாயைக் கட்டிவிட்டு அடை மகள், தூசி பொல்லாதது. வீட்டில் முட்டு வருத்தக்காரர் (ஆஸ்துமா) இருந்தால் வெளியே முற்றத்தில் வைத்துச் செய்.

பாலையூற்று பிசியோ:
உம்மா சொல்வது நல்ல யோசனை. அடைத்த பிறகும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கழுத்துப் பக்கம் மெதுவாக இருந்தால் ஒரு சின்னத் துவாயைச் சுருட்டி உறைக்குள் அந்த ஓரத்தில் வையுங்கள். பிறகு லேடெக்ஸ் வாங்கினால் வெயிலில் மட்டும் போட வேண்டாம், பொடிந்துபோகும்.

தோளை விடக் கூடாது. பெரியாஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காட்டுங்கள், தேவையென்றால் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு எழுதித் தருவார்கள், காசு இல்லை. தையல் மெஷின் எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். இரவில் தலையணை எவ்வளவு சரியாக இருந்தாலும், பகல் முழுக்க நாடி நெஞ்சைத் தொடக் குனிந்திருந்தால் பாதிதான் குறையும். ஒவ்வொரு பிளவுஸ் முடியும்போதும் நிமிர்ந்து, தலையைக் குனியாமல் நாடியை மட்டும் பின்னால் இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி:
தோள் நோ என்று வருகிற எல்லோருக்கும் ஒன்று: நெஞ்சு இறுக்கம், குளிர் வேர்வை, மூச்சு வாங்கலோடு தோளோ கையோ நொந்தால் ஒத்தடம் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வரும்.

உப்புவெளித் தையல்:
சரி அக்கா. நாளைக் காலையில் ஓ.பி.டி. போகிறேன். உம்மா, அரைக் கிலோ பஞ்சு சேர்த்தால் போதுமா, கூட வேண்டுமா?

கிண்ணியா உம்மா:
பழைய பஞ்சு எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் சொல்லலாம். முதல் அரைக் கிலோ வாங்கு. வாய் திறந்துதானே இருக்கு.