பேஸ்பால் வீரர்களின் பரிமாற்ற மதிப்பை வரிசைப்படுத்த உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியில் விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஆட்டங்களைப் பார்க்கும் நான், அவ்வணி வீரர்களைப் பரிமாற்ற மதிப்பின்படி (வேறு அணிக்கு விட்டுக்கொடுத்தால் ஈடாக எவ்வளவு கிடைக்கும் என்பதன்படி) வரிசைப்படுத்த முயன்று பாதியிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் 6 ஆண்டுச் சேவைக்காலம் முடியும்வரை வீரர் பொதுவாக அணியின் உரிமையிலேயே இருப்பதால், ஆட்டத்திறனைப் போலவே மீதமுள்ள ஆண்டுகளுக்கும் விலை உண்டு. குத்தகைக் கெடு எவ்வளவு மிச்சம் என்று பார்த்து வயலை மதிப்பிடும் எங்கள் பக்கத்தாருக்கு இது புதிதல்ல. 2020-இல் ரெட் சாக்ஸ் வீரர் மூக்கி பெட்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்குச் சென்றபோது அவருக்கு ஒரே ஆண்டுதான் மீதமிருந்தது. 2022-இல் பத்ரேஸ் அணிக்குச் சென்ற ஹுவான் சோட்டோவுக்கோ இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இருந்தது. அப்படியானால் திறன், மீதிக்காலம், சம்பளம் ஆகிய மூன்றையும் எந்த விகிதத்தில் எடைபோடுவது? முழங்கைக் காயத்துக்கு எளிதில் ஆளாகும் பந்தெறிபவர்களுக்கு எவ்வளவு கழிப்பது? இவ்வாறு கணக்கிட்டுப் பார்த்தவர்கள் தங்கள் வழிமுறையைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.