மழைக்கால கல்லி டியோராமா: ரெசின் மூணு நாளா இறுகல, நிஞ்சா கால் உள்ள மாட்டிக்கிச்சு

செம்பூர்_சில்லறை:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா இங்க வர்ற போட்டோவெல்லாம் பாத்து பெருமூச்சு மட்டும் விட்டுட்டு இருந்தவன், இப்ப தான் முதல் தடவையா கேள்வி கேக்கறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

டியோராமான்னா பொம்மை நிக்க வெக்கற குட்டி காட்சி. ஐடியா என்னன்னா மும்பையில எங்க பில்டிங் பின்னாடி இருக்கற கல்லி, அதாவது சந்து. ஜூலை மழை. தகரக் கூரை, அது மேல நீல தார்பாலின், ஓரமா ஒரு சாய் டப்ரி (ரோட்டோர டீக்கடை), அதுக்குக் கீழ மழைக்கு ஒதுங்கி நிக்கற ஆறு இன்ச் நிஞ்சா, கையில கட்டிங் சாய், அதாவது அரை க்ளாஸ் டீ. கேக்க நல்லா தான் இருக்கு, செய்ய உக்காந்தா தான் தெரியுது.

அடியில 12க்கு 10 இன்ச் ப்ளைவுட், மேல டிவி பெட்டியில வந்த தெர்மகோல்ல ரோடு, செவுத்துக்கு சன்போர்டுங்கற பிளாஸ்டிக் அட்டை. ரோட்டுக்கு கருப்பு ஸ்ப்ரே அடிச்சேன் பாருங்க, ரெண்டே நிமிஷத்துல தெர்மகோல் சுருசுருன்னு உள்ள போயி கரையான் அரிச்ச மாதிரி ஆயிடுச்சு. சரி, குண்டும் குழியுமா இருந்தா தானே நம்ம ஊர் ரோடுன்னு மனச தேத்திக்கிட்டு, அந்தக் குழியிலயே தண்ணி நிக்கற மாதிரி பண்ணிடலாம்னு எபாக்ஸி ரெசின் வாங்கினேன். ரெசின் மூணுக்கு அத இறுக வைக்கற ஹார்டனர் ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு, இருமல் மருந்து மூடியில கண் மதிப்பா அளந்து ஒரே ஊத்து, ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். தத்ரூபமா இருக்கட்டும்னு நிஞ்சாவோட இடது கால வேற அதுல அமுக்கி நிக்க வெச்சேன். வெளிய கொட்டற மழை, ஜன்னல் தொறந்திருந்துச்சு.

மூணு நாள் ஆச்சு. விரல் வெச்சா ரேகை பதியுது. மேல வெள்ளையா எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம், உள்ள சோடா மாதிரி குமிழி. நிஞ்சா கால் வரவே மாட்டேங்குது. பொம்மை விலை ஆறாயிரத்து சொச்சம், வீட்டுல ஆயிரத்து இருநூறுன்னு சொல்லி வெச்சிருக்கேன். மூணு நாளா இது பூரா வாஷிங் மெஷின் மேல உக்காந்திருக்கு, துணி துவைக்கணும்னு கத்தறாங்க. கால எப்படி எடுக்கறது, திரும்ப ரெசினே ஊத்தவா, மழை கொட்டற மாதிரி காட்ட என்ன பண்றது, தகரத்துக்கு துரு எப்படி, எது தெரிஞ்சாலும் சொல்லுங்க.

தாராவி_தகரம்:

முதல்ல கால். அசிட்டோன், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் கிட்ட கொண்டு போகாத தம்பி, ரெசின் போகுதோ இல்லையோ நிஞ்சா கால் கரைஞ்சிடும். இந்த மாதிரி பொம்மை எல்லாம் பிவிசி, ஏபிஎஸ்னு ரெண்டு வகை பிளாஸ்டிக் கலந்தது, கணுக்கால்ல ஒரு குட்டி மூட்டு இருக்கும். ஹேர் ட்ரையர தூரமா புடிச்சு ஒரு நிமிஷம் சூடு காட்டு, மூட்டு இளகும், பாதத்த மட்டும் அங்கயே விட்டுட்டு பொம்மைய மேல உருவிடு. அப்புறம் பாதத்தச் சுத்தி பல்குத்தற குச்சியால தோண்டி எடு, உன் ரெசின் இன்னும் மெத்துன்னு தான இருக்கு, வந்துடும். ஒட்டியிருக்கற பிசுக்கு போக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பஞ்சுல தொட்டு துடை. பெயிண்ட் அடிச்ச பாதம்னா ஒரு ஓரத்துல தொட்டுப் பாத்துட்டு அப்புறம் துடை.

இப்ப ரெசின். நான் போர்டு கடையில 14 வருஷமா இருக்கேன், நேம் போர்டு மேல ரெசின் ஊத்தறது தினப்படி வேலை. ரெசின் காயறது இல்ல, இறுகறது. பெயிண்ட் மாதிரி ஏதோ ஆவியா போயி காயற சமாச்சாரம் கிடையாது, ரெசினும் ஹார்டனரும் ஒண்ணோட ஒண்ணு சேரணும், அளவு தப்பினா ஜோடி கிடைக்காதது அப்படியே பிசுபிசுன்னு கெடக்கும், மூணு நாள் என்ன மூணு வருஷம் வெச்சாலும். டப்பாவுல அந்த 3:1 எடைக்கா, அளவுக்கான்னு பாரு. ரெண்டும் வேற, ரெசின் கனம், ஹார்டனர் லேசு. குட்டி டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிக்கோ. கலக்கும்போது கப்போட ஓரத்தையும் அடியையும் வழிச்சு வழிச்சு மூணு நிமிஷமாவது கலக்கு.

அந்த வெள்ளைப் படலம் மழையால வந்தது. காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா ஹார்டனர்ல இருக்கற அமீன்ங்கற கெமிக்கல் அந்த ஈரத்தோடயும் கரியமில வாயுவோடயும் சேந்து மேல மெழுகு மாதிரி வந்து நிக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில துடைச்சா அது போயிடும், ஆனா கீழ இருக்கற பிசுபிசுப்பு போகாது, அது உன் இருமல் மருந்து மூடி பண்ண வேலை. குமிழி தெர்மகோல்லேந்து வந்திருக்கும், அதுல பூரா காத்து தான்.

இன்னொண்ணு, இது தான் முக்கியம். நீ நிக்க வெச்சிருக்கறது ஆறு இன்ச் பொம்மை, அதாவது 1:12. நிஜத்துல ஒரு அடின்னா உனக்கு ஒரு இன்ச். ஒன்றரை சென்டிமீட்டர 12ஆல பெருக்கு, 18 சென்டிமீட்டர், கணுக்காலுக்கு நல்லா மேல. நீ பண்ணியிருக்கறது குட்டை இல்ல தம்பி, மழை வந்தா வெள்ளக்காடாகற நம்ம ஹிந்த்மாதா ஏரியா. ரோட்டுல தேங்கற தண்ணி ஒரு இன்ச் இருந்தா ஜாஸ்தி, உன் கணக்குல அது ரெண்டு மில்லிமீட்டர். ரெண்டு மில்லிமீட்டருக்கு எதுக்கு எபாக்ஸி? யூவி வெளிச்சம் பட்டா இறுகற யூவி ரெசின் மெல்லிசா பரப்பி யூவி டார்ச் காட்டு, மழையாவது வெயிலாவது, சில நிமிஷத்துல முடிஞ்சிடும்.

கையுறை போட்டுக்கோ, ஜன்னல் இல்லாத ரூம்ல பண்ணாத. ரெசினுக்கு தோல் அலர்ஜி ஒருவாட்டி வந்துட்டா அப்புறம் போகாது, எங்க கடைப் பையன் ஒருத்தன் இதனாலயே வேற வேலைக்குப் போயிட்டான்.

மாட்டுங்கா_மாமி:

நான் பொம்மை சேக்கற ஆள் இல்ல, என் பையனுக்காக இங்க வந்து எட்டிப் பாக்கறவ. ஆனா முப்பது வருஷமா எங்காத்து கொலுவுக்கு கீழ பார்க் கட்றவ, அதனால வாய சும்மா வெச்சுண்டு இருக்க முடியல.

தெர்மகோல் மேல நேரா ஸ்ப்ரே அடிக்கவே கூடாதுப்பா. ஃபெவிகால்ல கொஞ்சம் தண்ணி விட்டு ரெண்டு கோட்டிங் குடு, ஒவ்வொண்ணும் நன்னா காயட்டும், அதுக்கு மேலயும் ஸ்ப்ரே வேண்டாம், போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ பிரஷ்ல அடி. ஃபெவிகால் கலக்கும்போதே சலிச்ச மணல் ஒரு ஸ்பூன் போட்டுட்டா ரோடு சொரசொரன்னு வந்துடும், கருப்பு அடிக்கற வேலை பாதி மிச்சம். மண் மாதிரி வேணும்னா டீத்தூள் சக்கை, ஆனா கடாயில போட்டு ஈரம் சுத்தமா போற வரைக்கும் வறுத்துக்கணும். நான் ஒரு வருஷம் வெயில்ல காய வெச்சா போறும்னு விட்டுட்டேன், அஷ்டமி அன்னிக்கு செட்டியார் கடை பூரா பூஞ்சக்காளான்.

புல்லுக்கு கேழ்வரகு, கடுகு முளைக்கப் போடறது எங்க வழக்கம், உனக்கு அது வேண்டாம். ஈரத்துல அது ஒன்பது நாள்ல கழுத்து வரைக்கும் வளந்துடும், பார்க்கா ஆரம்பிச்சது சரஸ்வதி பூஜைக்குள்ள காடாயிடும். பழைய தேங்காநார் கால்மிதி இருந்தா நாலு நார் பிச்சு நட்டுக்கோ.

தண்ணின்னா நாங்க குளத்துக்கு கண்ணாடி தான் வெப்போம். தண்ணின்னு நம்பறதே அதுல ஏதாவது தெரியறதால தானே. உன் கல்லியில டப்ரி பல்பு எரியறது அந்தக் குட்டையில தெரிஞ்சா போறும். அடியில கறுப்பும் காவியும் கலந்து அழுக்கா பெயிண்ட் அடிச்சு, ஓரத்துல மட்டும் வெளுப்பா விட்டு, மேல பளபளன்னு வார்னிஷ் மூணு கோட். ரோடு நனைஞ்ச இடமெல்லாம் காஞ்ச இடத்த விட ஒரு படி கறுப்பா இருக்கணும், அது இல்லாம எத்தனை ரெசின் கொட்டினாலும் கண்ணாடித் துண்டு கீழ விழுந்து கெடக்கற மாதிரி தான் இருக்கும்.

வீட்டுல விலைய மறைக்காதே. ஒரு நாள் பில் மாட்டும்.

செம்பூர்_சில்லறை:

அண்ணா கால் வந்துடுச்சு!! ஹேர் ட்ரையர் ஐடியா சூப்பர், ப்ளக்குனு கழண்டுச்சு. கட்டை விரல் பக்கம் கொஞ்சம் பெயிண்ட் போச்சு, சேறு பூசி மறைச்சிக்கறேன். ஹிந்த்மாதா படிச்சுட்டு அரை மணி நேரம் சிரிச்சேன், ரெசின் பூராத்தையும் ஸ்பூனால நோண்டி எடுத்தாச்சு. மாமி, மணல் ஐடியா நாளைக்கே. இப்ப தகரமும் மழையும் தான் பாக்கி. மழைக்கு தூண்டில் நரம்பு மேலேந்து கீழ வரிசையா கட்டலாம்னு வீடியோல பாத்தேன், சரி வருமா?

டோம்பிவிலி_டிங்கர்:

தூண்டில் நரம்பு வேண்டாம் ப்ரோ, கைய எடுத்துக் கும்பிடறேன். நான் கட்டிப் பாத்தேன், மழை மாதிரியே இல்ல, நிஞ்சா கொசு வலைக்குள்ள நிக்கற மாதிரி இருந்துச்சு, தூசி வேற படிஞ்சு ஒரே மாசத்துல ஒட்டடை. விழற மழைய யாராலயும் நிக்க வைக்க முடியாது. அது விழுந்து முடிக்கற எடத்த காட்டு. தார்பாலின் ஓரத்துல நாலஞ்சு சொட்டு தொங்கணும், அதுக்கு நேர் கீழ குட்டையில வட்ட வட்டமா அலை இருக்கணும், அவ்ளோ தான், மீதிய பாக்கறவன் மண்டையே போட்டுக்கும். சொட்டுக்கு யூவி ரெசின ஊசி முனையில தொட்டு தொங்க விட்டு டார்ச் அடி. அலைக்கு கெட்டியான க்ளாஸி ஜெல் மீடியம் (காஞ்சா பளபளன்னு நிக்கற பெயிண்ட் ஜெல்), பேனா ரீஃபிள் பின் பக்கத்தால மெல்ல அமுக்கி ஒரு வட்டம், அதச் சுத்தி இன்னொண்ணு. போட்டோ எடுக்கற அன்னிக்கு மட்டும் கிளிசரினும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து பொம்மை மேல பம்ப் ஸ்ப்ரே பண்ணு, துளி துளியா ரொம்ப நேரம் நிக்கும், வெறும் தண்ணி ஓடிடும்.

தகரத்துக்கு கூல்ட்ரிங்க் கேன் வெட்டி விரிச்சுக்கோ, விரல் ஜாக்கிரதை. நிஜ தகரத்துல ஒரு மேட்டுலேந்து அடுத்த மேடு மூணு இன்ச் இருக்கும், உனக்கு கால் இன்ச். பென்சில் மாதிரி குச்சிய வரிசையா ஒட்டி அது மேல வெச்சு இன்னொரு குச்சியால அமுக்கி அமுக்கி இழு. துருவுக்கு முதல்ல பழுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டா அடி, காஞ்சதும் ஹேர் ஸ்ப்ரே, அதுவும் காஞ்சதும் மேல சாம்பல் கலர் அக்ரிலிக். பத்து நிமிஷம் கழிச்சு ஈர பிரஷ்ஷால ஆணி அடிச்ச இடத்துலயும் வெட்டுன ஓரத்துலயும் மட்டும் தேய், மேல் பெயிண்ட் உரிஞ்சு அடித்துரு தெரியும். எல்லா இடத்துலயும் தேய்ச்சா கருவாட்டுக் கூடை மாதிரி ஆயிடும், நிறுத்தத் தெரியணும்.

ஒரே ஒரு சமாச்சாரம் வெச்சா பாக்கறவன் இது பம்பாய்னு சொல்லிடுவான்: செவுத்துப் பைப் ஒழுகற வெடிப்புல மொளைச்ச அரசங்கன்னு. கிராஃப்ட் கடையில ஹார்ட் ஷேப் பஞ்ச் கிடைக்கும், ஒரு சென்டிமீட்டர் சைஸ் வாங்கிக்கோ, பச்சைக் காகிதத்துல குத்தி எடுத்து நுனிய மட்டும் நகவெட்டியால கூரா வெட்டி விடு, தண்டுக்கு மெல்லிய செம்புக் கம்பி. ஆறு இலை போதும், அதுல ரெண்டு இளசா செம்பு கலர்ல. கம்பி, எல்இடி ரெண்டும் எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற லாமிங்டன் ரோட்டுலயே முடிஞ்சிடும். வார்ம் ஒயிட் எல்இடி ஒண்ணு, மொபைல் சார்ஜர் 5 வோல்ட், நடுவுல 150 ஓம் ரெசிஸ்டர். ரெசிஸ்டர் போடாம குடுத்தா மாமி சொன்ன பல்பு ஒரே தடவை தான் எரியும்.

நேரம் இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை காம்தேவி பக்கம் மணி பவன் போயி பாரு, காந்தி வாழ்க்கைய குட்டி குட்டி பொம்மை வெச்சு காட்சியா பண்ணி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு காட்சியும் ஒரே பக்கம் பாக்கற மாதிரி. நாலு பக்கமும் பண்ணணும்னு நினைக்காத, ஒரு பக்கம் பண்ணு, பின்னாடி பில்டிங்க மட்டும் சின்ன ஸ்கேல்ல வை, கல்லி நீளமா தெரியும். போட்டோவுக்கு மொபைல தலைகீழா புடி, லென்ஸ் தரையத் தொடும், நிஞ்சா கண் மட்டத்துல வந்துடும்.

செம்பூர்_சில்லறை:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாம் முடிஞ்சுது மக்களே, அரசங்கன்னு தான் ஹைலைட், பக்கத்து வீட்டு ஆஜி (பாட்டி) பாத்துட்டு இது நம்ம பில்டிங் பைப் தானேன்னு மராட்டியில கேட்டாங்க, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம். நேத்து ராத்திரி போட்டோ எடுக்கலாம்னு ஜன்னல் பக்கம் வெச்சுட்டு தூங்கிட்டேன். ஜன்னல் மேல நிஜமாவே ஒழுகி என் ரோட்டு மேல ராத்திரி பூரா சொட்டியிருக்கு. காலையில பாத்தா ஃபெவிகால் ஊறி ரோடு பூரா பால் ஊத்தின மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கு. வார்னிஷ் அடிச்ச குட்டை மட்டும் அப்படியே இருக்கு. இத என்ன பண்றது?

மாட்டுங்கா_மாமி:

கை வைக்காதே, ஃபேன் காத்துல ரெண்டு நாள் காய விடு, வெள்ளை தானா போயிடும். போனதும் ரோடு பூராவும் பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் ஒரு கோட் குடு. ஜன்னலுக்கு தார்பாலின் வாங்கினியோ இல்லையோ?