மூன்றாவது குட்டி எங்கிருந்து வந்தது?

சிறார் எழுத்தாளர்களை நேரில் சந்தித்தவர்கள் எழுதுங்கள் என்றதால் எங்கள் ஊர் கதையைச் சொல்கிறேன். தென்காசிப் பக்கம் சின்ன ஊர். கிளை நூலகம் உண்டு, அதற்கு ஒரு வாசகர் வட்டமும் உண்டு. பக்கத்து ஊர்க்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குச் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது கிடைத்தபோது பாராட்டு விழா எடுத்தோம். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், வேண்டாம்.

சாகித்திய அகாதெமி இந்த விருதை 2010 முதல் கொடுத்து வருகிறது. தமிழில் முதலில் வாங்கியவர் ம. இலெ. தங்கப்பா. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும் தருவார்கள். விருதுச் செய்தி வந்த வாரம் எல்லோரும் போனில் வாழ்த்துவார்கள், புத்தகத்தை மட்டும் யாரும் தேட மாட்டார்கள். எங்கள் நூலகத்திலேயே ஒரு பிரதிதான் இருந்தது. அதையும் பெரியவர்கள் பகுதியில் செருகி வைத்திருந்தார்கள்!

வட்டத்தில் ஒரு அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "பிள்ளைங்க படிக்காம விழா எதுக்கு? நமக்கு நாமே சால்வை போத்திக்கவா?" சரி என்று புரவலர்கள் சிலரிடம் பணம் வாங்கிக் கூடுதல் பிரதிகள் எடுத்து, ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் சுற்றுக்கு விட்டோம். என்னைக் கேட்டால், அந்த விழாவில் நாங்கள் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி. அதனால் ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் வழக்கமான பெஞ்சை விட்டு நகரவில்லை. ஒருவர் வரவேற்புரை முழுக்கத் தலைக்கு மேல் பேப்பரை விரித்தபடியே இருந்தார். வாழ்த்துரைகள் வழக்கம்போல நீண்டன. அழைப்பிதழில் 'சால்வை தவிர்க்கவும்' என்று போட்டிருந்தும் சால்வைகள் வந்து குவிந்தன.

அப்புறம்தான் பிள்ளைகள் கையில் மைக் போனது. முதல் கேள்வியே, "சார், அந்தக் காசுல என்ன வாங்கினீங்க?" வீட்டுக்கு ஓடு மாற்றினேன் என்றார். அடுத்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புத்தகத்தில் இரண்டு இடத்தில் விரலை விட்டுப் பிடித்தபடி எழுந்தாள்.

"சார், 17ஆம் பக்கத்துல ஆடு ரெண்டு குட்டி போடுது. 31ஆம் பக்கத்துல மூணு குட்டி துள்ளுது. மூணாவது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். முன்னே புரட்டினார், பின்னே புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என் சம்சாரம் படிச்சா, பதிப்பாளர் படிச்சார், நடுவர்கள் படிச்சாங்க. யாருமே குட்டியை எண்ணலை தாயி" என்றார். கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருத்தப் போனார். நூலகர் ஓடி வந்தார். "ஐயா, அது லைப்ரரி காப்பி. நூலக முத்திரை விழுந்த புத்தகத்துல யாரும் எழுதக் கூடாது." எழுதினவரே திருத்தக் கூடாதா என்று எங்களுக்குள் ஒரு பட்டிமன்றம் கிளம்பியது. நூலகர் அசையவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். இவரை விட்டால் நாளைக்கு ஆளாளுக்குத் திருத்துவார்கள்.

கடைசியில் துண்டுத்தாளில் எழுதி உள்ளே வைப்பது என்று முடிவானது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திருத்துவது? "ரெண்டா, மூணா? கை தூக்குங்க" என்று பிள்ளைகளிடமே விட்டுவிட்டார். பெரும்பான்மை மூன்றுக்கு. ஆடு வளர்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் மட்டும், "மூணு போட்டா ஒண்ணுக்குப் பால் பத்தாது சார்" என்று கடைசிவரை வாதாடினான். அந்தக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பதாக ஒரு வரி சேர்க்கிறேன் என்று அவனையும் சமாதானப்படுத்தினார்.

சொன்னபடியே செய்தார். அடுத்த பதிப்பில் 17ஆம் பக்கத்தில் மூன்று குட்டிகள், கூடவே ஒரு புட்டி. நன்றியுரையில் ஏனோ யார் பெயரையும் போடவில்லை. கேள்வி கேட்ட பெண்ணுக்கு அதில் இன்னும் கோபம். அடுத்த தடவை அவர் வரும்போது கேட்கத்தான் போகிறாளாம்.